அறுந்த இடத்தைப் பார்: கிட்டார் கம்பிகள் ஏன் அறுகின்றன?

கிட்டார் கம்பி அறுந்தால் பழி முதலில் கம்பியின் மேல்தான் விழும். ‘மட்டமான செட்’ என்று சொல்லி வேறு கம்பெனிக்கு மாறுவோம். அதுவும் அறுந்தால் வாசிப்பவரின் கை மேல் பழி வரும்: ‘முரட்டுத்தனமாக அடிக்கிறாய்.’ அதற்குப் பிறகும் அறுந்துகொண்டே இருந்தால் ‘கனமான கம்பி போட்டுப் பார்’, ‘ராத்திரியில் தளர்த்தி வை’, ‘எண்ணெய் தடவு’ என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இவற்றில் எது சரி, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்தறிய உதவும் சான்று அறுந்துபோன கம்பிதான். நாம் செய்யும் முதல் காரியமோ அதைச் சுருட்டிக் குப்பையில் போடுவது.

ஸ்டீல் கம்பி மாட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரை மையமாக வைத்து, கம்பி அறுவதற்குச் சொல்லப்படும் காரணங்களையும் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரை எடைபோடுகிறது. சுருதிக்கு ஏற்றிய கம்பி தன் பலத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் செலவிடுகிறது. ஆகவே அது அறுகிறது என்றால், ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று மீதிப் பாதியைத் தின்றிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பாதி பலத்தில் நிற்கும் கம்பி

கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன் குடல் நரம்புகளே மாட்டப்பட்டன. உயர்கார்பன் எஃகைச் சூடாக்கி, பக்குவமாக ஆறவைத்து, இழுத்து மெலிதாக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854-ல் காப்புரிமை பெற்றார். பியானோவுக்கென வளர்ந்த இந்த எஃகுக் கம்பி எவ்வளவு வலுவானதென்றால், 1866-ல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட தந்திக் கேபிளுக்குக் கவசமாகவும் அவருடைய கம்பெனியின் கம்பியே சுற்றப்பட்டது. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, ஸ்டீல் கம்பியின் இழுவைக்கேற்ற கிட்டார்களை 1922 முதல் வழக்கமான தயாரிப்பாகச் செய்யத் தொடங்கியது.

இன்றைய செட்டில் மெல்லிய முதல் இரண்டு கம்பிகளும் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் எஃகு நடுக்கம்பியின் மேல் வெண்கலக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுற்று 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்ததாகவோ, 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரசும் கலந்ததாகவோ இருக்கும். இந்தப் பாஸ்பர் வெண்கலத்தை 1974-ல் டடாரியோ கம்பெனி கிட்டாருக்குக் கொண்டுவந்தது. சுற்று கனத்தைத் தருகிறது, நாதத்தைத் தருகிறது. இழுவையைத் தாங்குவதோ உள்ளிருக்கும் எஃகு மட்டுமே. பார்வைக்குத் தடிமனாகத் தெரியும் மூன்றாம் கம்பி சிலருக்கு அடிக்கடி அறுவதன் ரகசியம் இதுதான். அதன் நடுக்கம்பி மிக மெல்லியது.

ஒரு கம்பியின் சுருதி அதன் நீளம், இழுவை, எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்த விதியைச் சற்றே திருப்பிப் பார்த்தால், வெறும் எஃகுக் கம்பியில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை, கம்பியின் நீளத்தையும் சுருதியையும் மட்டுமே பொறுத்தது என்று தெரியும். தடிமனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

முழு அளவு அக்கூஸ்டிக் கிட்டாரில் கழுத்தின் தலைமாட்டிலுள்ள நட்டிலிருந்து பிரிட்ஜின் மேலுள்ள சாடில் வரை சுமார் 645 மில்லிமீட்டர். முதல் கம்பியின் சுருதி 329.6 ஹெர்ட்ஸ். இதற்கு வரும் சுமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,420 நியூட்டன். இந்த மெலிவில் நல்ல எஃகுக் கம்பி சுமார் 2,600 முதல் 2,900 வரை தாங்கும். பரவலாக விற்கும் 12 கேஜ் தடிமனுள்ள முதல் கம்பியை எடுத்துக்கொண்டால், அது சுமார் பத்தரைக் கிலோ இழுவையில் நிற்கிறது. அறுக்க 20 கிலோவாவது வேண்டும். 10 கேஜ் கம்பி ஏழரைக் கிலோவுக்கும் குறைவான இழுவையில் நிற்கிறது. அறுக்க 14 கிலோ போதும். இரண்டிலும் விகிதம் ஒன்றுதான், ஏறத்தாழப் பாதி.

இரண்டாம் கம்பி இன்னும் சொகுசாக நிற்கிறது. அதன் சுருதி தாழ்ந்தது என்பதால், தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது செலவிடுவதில்லை. எனவே இரண்டாம் கம்பி திரும்பத் திரும்ப அறுந்தால் இழுவையைச் சந்தேகிக்கவே வேண்டாம். கிட்டாரில் எங்கோ ஒரு கூர்முனை இருக்கிறது.

இழுவையாலேயே அறும் நிலை எப்போது வரும்? முதல் கம்பியை ஒரு முழுச் சுரம் ஏற்றினால் சுமை 65 விழுக்காட்டைத் தொடும். மூன்று அரைச்சுரம் ஏற்றி ஜி-க்குக் கொண்டுபோனால் 73. ஏ-க்குப் போனால் 90-ஐத் தாண்டும். பி-க்குப் போகுமுன் அறுந்துவிடும். பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் மூன்றாம் ஜோடியின் மெல்லிய கம்பி, முதல் கம்பியைவிட மூன்று அரைச்சுரம் உயர்ந்த அந்த ஜி-யில்தான் எப்போதும் நிற்கிறது. அந்தக் கிட்டாரில் முதலில் அறுவது அதுவே. பன்னிரண்டு கம்பிக்காரர்களில் பலர் முழுக் கிட்டாரையும் அரைச்சுரமோ ஒரு சுரமோ இறக்கி ட்யூன் செய்து, தேவையானால் கேப்போ போட்டுக்கொள்வது இதனால்தான். கேப்போ கம்பியின் நீளத்தைக் குறைத்துச் சுருதியை ஏற்றுகிறது. இழுவை அதிகம் கூடுவதில்லை. பாடகரின் குரலுக்காகக் கம்பியை முறுக்கி ஏற்றுவதைவிடக் கேப்போ போடுவது கம்பிக்கு நல்லது.

கூர்மையும் களைப்பும்

மீதிப் பாதி எங்கே போகிறது? இரண்டு வழிகளில் போகிறது.

ஒன்று, கீறல். 1913-ல் இங்கிலாந்தின் பொறியியலாளர் இங்கிலிஸ், ஓர் உலோகத் தகட்டில் சிறு துளையோ விரிசலோ இருந்தால் அதன் ஓரத்தில் சுமை பல மடங்கு குவிகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். வட்டத் துளையின் ஓரத்திலேயே சுமை மும்மடங்கு. முனை கூராகக் கூராக அது இன்னும் ஏறும். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு, கண்ணுக்குத் தெரியாத கீறலும் பெரிய காயம்.

மற்றது, களைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் ஒடிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் வோலர், ஒரே தடவையில் ஒடிக்கப் போதாத சுமையும் ஆயிரக்கணக்கான தடவை மாறிமாறி விழுந்தால் உலோகத்தை ஒடித்துவிடும் என்று நிறுவினார். கட்டட வேலையில் கட்டுக்கம்பியை வெட்டக் கருவி இல்லாதபோது முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பார்களே, அதே சங்கதி. முதல் கம்பி ஒரு மணி நேரம் விடாமல் ஒலித்தால் ஏறத்தாழ 12 லட்சம் முறை அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் அது நுண்ணளவில் வளைவது சாடில், நட், ஃப்ரெட் ஆகிய தாங்கும் முனைகளில்தான். அங்கே கீறலும் இருந்தால், விரிசல் அதிலிருந்தே கிளம்பும்.

அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்தக் கதை ஓரளவு தெரியும். முனை மெலிந்து குறுகியிருந்தால் அளவுக்கு மீறிய இழுவை. மெலியாமல் தட்டையாக ஒடிந்திருந்தால் கீறலோ களைப்போ. பழுப்பு நிறமோ சிறு குழிகளோ தெரிந்தால் துரு.

எங்கே அறுந்தது?

அறுந்த இரண்டு துண்டுகளையும் கிட்டாரின் மேல் பழையபடி வைத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சாடில். பிரிட்ஜின் மேல் நிற்கும் அந்த வெள்ளைப் பட்டையில் கம்பி சரிவாக மடங்கி இறங்குகிறது. இழுவை, மடிப்பு, அசைவு மூன்றும் ஒன்றுசேரும் இடம் இது. நாளடைவில் கம்பியே சாடிலில் பள்ளம் வெட்டிவிடும். பள்ளத்தின் விளிம்பு பிறகு கம்பியை வெட்டும். மலிவான கிட்டார்களில் சாடிலின் முகடு சரியாக உருட்டப்படாமல் கூராகவே இருப்பதும் உண்டு. கம்பியைக் கழற்றிவிட்டு முகட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால் 400-ஆம் எண், பிறகு 600, பிறகு அதைவிட நைசான உப்புத்தாளால் மெல்ல உருட்டித் தேய்க்க வேண்டும். உயரம் குறையும்படி தேய்க்கக் கூடாது. பிளாஸ்டிக் சாடிலுக்குப் பதில் எலும்பாலானதையோ, டெஃப்லான் கலந்து தானே வழுக்கும்படி செய்யப்பட்டதையோ பொருத்தினால் பலன் நீடிக்கும்.

சாடிலோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் கம்பியின் அடிமுனையில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு பித்தளைக் குண்டைச் சுற்றிக் கம்பியை முறுக்கியிருப்பார்கள். பிரிட்ஜின் அடியில் உள்ள பலகை தேய்ந்து குழிந்திருந்தால் குண்டு மேலேறி, முறுக்கிய பகுதி சாடிலின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். முறுக்கு முடியும் இடத்தில் கம்பி சட்டென ஒடியும். பழைய கம்பியிலிருந்து ஒரு குண்டை உருவி, புதுக் கம்பியில் கோத்து மாட்டினால் முறுக்கு அந்த அளவுக்குக் கீழே இறங்கும். இது தற்காலிக வழி. பலகையைச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

இரண்டாவது, பிரிட்ஜ் பின். குண்டு பலகையின் அடியில் தங்காமல் பின்னின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால், ட்யூன் செய்யும்போது திடீரென வழுக்கி பின்னைத் துப்பிவிடும், அல்லது முறுக்கு பிரிந்துவிடும். கம்பியின் அடிமுனையைச் சற்று வளைத்து உள்ளே விட்டு, பின்னை அழுத்தியபடியே கம்பியை மேலே இழுத்தால் குண்டு பலகையில் பிடித்துக்கொள்ளும். பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்குவது வீண். தாங்குவது பின் அல்ல, பலகை.

மூன்றாவது, ட்யூனிங் கீயின் தூண். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால், சுற்றத் தொடங்கும் இடத்திலேயே கம்பி அறும். புதுக் கம்பி மாட்டி ஏற்றும்போதே அறுந்தால் முதலில் இங்கே பாருங்கள். உப்புத்தாளைச் சிறு கீற்றாக உருட்டித் துளைக்குள் விட்டு நான்கு முறை இழுத்தால் பிசிறு போய்விடும். சுற்றின் எண்ணிக்கையும் முக்கியம். வெறும் எஃகுக் கம்பிக்கு மூன்று நான்கு சுற்றும், வெண்கலம் சுற்றிய கம்பிக்கு இரண்டு மூன்று சுற்றும் போதும். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அவை இறங்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் கம்பி தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். அரைச் சுற்று மட்டும் இருந்தால் முழு இழுவையும் துளையின் விளிம்பில் விழும்.

நான்காவது, நட். கழுத்தின் தலைமாட்டில் உள்ள இந்தப் பட்டையின் பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் மாட்டிக்கொள்ளும். கீயைத் திருப்பும்போது சுருதி ஏறாமல் நின்று, பிறகு ‘டிங்’ என்ற சத்தத்தோடு குதிக்கும். நட்டுக்கும் தூணுக்கும் இடையே இழுவை எகிறி, சில வேளை அங்கேயே அறும். மெல்லிய செட்டிலிருந்து கனமான செட்டுக்கு மாறிய கிட்டாரில் இது சகஜம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது எளிய நிவாரணம். பள்ளம் உண்மையிலேயே குறுகல் என்றால் அதற்கான அரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அரம் அளவுக்கு மேல் ஓடினால் கம்பி ஃப்ரெட்டில் இரையும்.

ஐந்தாவது, நடுப்பகுதி. ஒலித்துளைக்கு மேல் அறுந்தால் பிக் அடிபடும் இடம். ஃப்ரெட்டுக்கு மேல் அறுந்தால் அந்த ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, ஓரம் கூராகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெண்கலச் சுற்று மட்டும் பிரிந்து தொங்கினால் அது ஃப்ரெட்டில் உராய்ந்து தேய்ந்த பழைய கம்பி. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். எந்த இடத்திலும் ஒரு ஒழுங்கில்லாமல் அறுந்தால் குற்றவாளி துரு.

உப்பும் வியர்வையும்

எஃகுக்கு முதல் எதிரி உப்பு. வியர்வையில் உப்பு இருக்கிறது, கடற்காற்றிலும் இருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் சுவரில் தொங்கும் கிட்டாரின் வெறும் கம்பிகள், வாசிக்காமலே கருத்துச் சொரசொரப்பாகிவிடும். துருவின் ஒவ்வொரு குழியும் ஒரு கீறல்தான். தடித்த கம்பியில் அது மேலோட்டமான காயம். மெல்லிய முதல் கம்பியில் பாதித் தூரம் அறுத்தது போல.

எல்லோருடைய வியர்வையும் ஒன்றல்ல. சிலர் கை பட்ட கம்பி மாதக்கணக்கில் பளபளக்கும். சிலர் கை பட்டால் ஒரே வாரத்தில் கருக்கும். வாசிக்குமுன் கை கழுவுவதும், வாசித்தபின் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பதும் செலவில்லாத வழிகள். விரல் படுவதும் அழுக்கு தங்குவதும் மேற்புறம் மட்டுமல்ல. கழுத்துப் பலகைக்கும் கம்பிக்கும் இடையே துணியை நுழைத்து இழுக்க வேண்டும். வாசிக்காத நாட்களில் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைத்தால் மரத்துக்கும் நல்லது, கம்பிக்கும் நல்லது.

1990-களின் பிற்பகுதியிலிருந்து மெல்லிய பாலிமர் பூச்சுள்ள கம்பிகள் பிரபலமாயின. விலை கூடுதல் என்றாலும் வியர்வைக் கைக்காரர்களுக்கும் கடலோர வாசிகளுக்கும் அது கட்டுப்படியாகும். ஆனால் பூச்சு துருவை மட்டுமே தடுக்கும். சாடிலின் கூர்முனையை அது தடுக்காது.

கையும் ட்யூனரும்

புதிதாகக் கற்பவர்களின் கம்பி அறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கிளிப் ட்யூனர்களும் கைபேசிச் செயலிகளும் பெரும்பாலும் ‘இ’, ‘பி’, ‘ஜி’ என்று சுரத்தின் பெயரை மட்டும் காட்டும். எந்த ஸ்தாயி என்று காட்டாது. தளர்ந்திருக்கும் கம்பி சரியான சுரத்தைக் கடந்துவிட்டால் அடுத்த ஸ்தாயியின் சுரத்தைத் தேடி முறுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு ஸ்தாயி உயர்ந்தால் சுமை நான்கு மடங்கு. அதற்குள் எந்தக் கம்பியும் அறுந்துவிடும். மூன்றாம் கம்பியை இரண்டாம் கம்பியின் இடத்தில் மாட்டி ஏற்றுவதும் இதே கதை. முறுக்கும்போது கம்பி கடினமாகத் தெரிந்தாலே நிறுத்திவிட்டு, பக்கத்துக் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டோடு, மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவே மட்டும் நான்காம் ஃப்ரெட்டோடு, காதால் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பு.

பிக் பற்றிய புகாரில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிக்கை ஆழமாக நுழைத்து, சாடிலுக்கு அருகில் வேகமாக அடித்தால், கம்பி தாங்கும் முனையில் படும் வளைவு கூடுகிறது. தாளம் தட்டும் பாணிக்கு 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் பிக் போதும். நுனியை மட்டும் உரசவிட்டு, ஒலித்துளையின் பக்கம் நகர்ந்து அடித்தால் கம்பி பிழைக்கும். பிக்கின் ஓரம் சிதைந்து பல் பல்லாக இருந்தால் தூக்கிப்போட வேண்டும்.

அறிவுரைகளை எடைபோட்டால்

‘கனமான கம்பி அறுகாது’ என்பது பாதி உண்மை. ஒரே சுருதியில் மெல்லியதும் கனமானதும் ஒரே விகிதத்தில்தான் சுமக்கின்றன என்று பார்த்தோம். கீறலையும் துருவையும் பிக்கையும் தாங்குவதில் கனமானது தேறும். கூரான மடிப்பில் அது மெல்லியதைவிட அதிகம் வாடும். முதல் கம்பி 12 கேஜும் ஆறாம் கம்பி 53 கேஜுமான 12-53 செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்தே கிட்டாரை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. 13-56 போட்டால் அந்தப் பாரம் கூடி, பிரிட்ஜும் மேற்பலகையும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

‘இரவில் தளர்த்தி வை’ என்பது பெரும்பாலும் வேண்டாத வேலை. தினமும் தளர்த்தி ஏற்றினால் தூணிலும் நட்டிலும் கம்பி தினமும் வளைந்து நிமிர்கிறது. களைப்பைத் தேடிக் கொடுப்பது போல அது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கப்போகும் கிட்டாருக்கு மட்டும் ஓரிரு சுரம் இறக்கி வைக்கலாம்.

எண்ணெய் தடவும் பழக்கம் நமக்கு வீணையிலிருந்து வந்திருக்கலாம். இழைக்க ஏதுவாக வீணைக் கலைஞர்கள் இடக்கை விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். கிட்டாரின் வெண்கலச் சுற்றுக்குள் அதே எண்ணெய் புகுந்தால் தூசியைப் பிடித்துவைத்து நாதத்தை மழுக்கிவிடும். துடைப்பதே போதும்.

‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று’ என்ற விதி தொடக்கமாக நல்லது. தினமும் வாசிப்பவருக்கு அது தாமதம், வாரம் ஒருமுறை வாசிப்பவருக்கு அவசரம். நிறம் கருத்து, விரலில் சொரசொரப்புத் தட்டி, சுருதி நிற்காமல் போகும்போது கம்பியே நேரம் சொல்லிவிடும். மாற்றும்போது பழையதை முறுக்கிய நிலையில் வெட்டாமல், முழுவதும் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இழுவையோடு வெட்டிய கம்பி கண்ணைக் குத்தலாம்.

நைலான் கம்பி மாட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் அடிக்கடி போவது நான்காம் கம்பி. மெல்லிய நைலான் இழைகளின் கற்றைமேல் உலோகச் சுற்று. ஃப்ரெட்டில் சுற்று தேய்ந்ததும் இழைகளும் போய்விடும். அறுந்து அறுந்து போகிறதே என்று அதில் ஸ்டீல் கம்பி மாட்டுபவர்கள் உண்டு. நைலான் செட்டின் மொத்த இழுவை சுமார் 40 கிலோதான். ஸ்டீல் அதைவிட எழுபது எண்பது விழுக்காடு கூட. கம்பி நிற்கும், கிட்டாரின் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

எதை முதலில் செய்வது

இத்தனையையும் செலவின் வரிசையில் அடுக்கினால் வழி தெளிவாகிறது. காசில்லாதது: துடைப்பது, சரியாகச் சுற்றுவது, ட்யூனரை நம்பி முறுக்காமல் இருப்பது. சில ரூபாயில் முடிவது: உப்புத்தாள், பென்சில் கரி, மெல்லிய பிக். அதற்கு மேல்: எலும்புச் சாடில், நட் வேலை, பிரிட்ஜ் பலகையைச் சீர்செய்வது. கம்பியின் கம்பெனியை மாற்றுவதும் பூச்சுக் கம்பி வாங்குவதும் இவற்றுக்கெல்லாம் பிறகு. நாம் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக நடத்துகிறோம். கடையில் விற்பது கம்பிதானே தவிர உருட்டிய சாடில் முகடு அல்ல.

ஒரு கம்பி ஒருமுறை அறுந்தால் மாற்றிவிட்டு வாசிக்கலாம். எந்தக் கம்பி, எந்த இடம், எந்தத் தேதி என்று கிட்டார்ப் பெட்டிக்குள் ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும். அதே கம்பி அதே இடத்தில் இரண்டாம் முறை அறுந்தால் மூன்றாவது கம்பியை மாட்டுமுன் அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்ப்பது கட்டாயம். வெவ்வேறு கம்பிகள் வெவ்வேறு இடங்களில், மாதக்கணக்கில் வாசித்த பிறகு அறுந்தால் அதில் குறை எதுவும் இல்லை. அவை உழைத்துத் தேய்ந்தவை. அறுவதற்கு முன்பே முழுச் செட்டையும் மாற்றியிருக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.